பழைய காற்றில் மூச்சுவிட்ட காடு

எங்கள் யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்றுக்குப் பெயர் வைத்திருக்கிறோம். மாரி மழைக்குக் கொஞ்சம் ஓடிவிட்டு, மற்ற மாதங்களில் மாடு மேய இடம் கொடுக்கும். மீதிக்கெல்லாம் கிணறுதான். இப்படிப்பட்ட ஊரில் பிறந்த நான் ஆறுகளைக் கணினிக்குள் ஓடவிட்டுப் பிழைக்கிறேன் என்பதைச் சொந்தக்காரர்கள் இன்றுவரை பகிடியாகவே சொல்லித் திரிகிறார்கள்.

திருநெல்வேலியிலிருந்து எனக்கு அழைப்பு வந்ததும் அதனால்தான். தாமிரபரணியின் கால்வாய்களில் எவற்றைச் சீரமைப்பது, எதைக் கைவிடுவது என்று முடிவெடுக்க அங்கே ஒரு குழு உட்கார்ந்திருந்தது. வரப்போகிற காலத்தில் ஆற்றில் எவ்வளவு நீர் வரும் என்று ஓர் இளைஞர் கணித்துக் கொடுத்திருந்தார். அந்தக் கணக்குச் சரியா என்று பார்க்க, ஆற்றோரம் வயலோ வழக்கோ உறவோ இல்லாத ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். கடலுக்கு அந்தப் பக்கம், ஆறே இல்லாத ஊரில் இருப்பவளைவிட நடுநிலையான ஆள் அவர்களுக்கு எங்கே கிடைக்கும்? மறுபேச்சில்லாமல் கிளம்பிவிட்டேன்.

ஜங்ஷனில் இறங்கி ஆட்டோவில் ஏறியதும், நான் வாயைத் திறந்த மறுநொடி ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"மலையாளமாக்கா?"

"இல்லை, தமிழ்தான்."

"கேட்டா அப்படித் தெரியலையே" என்றார், என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டவர்போல.

ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஆனி மாதம். வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் ஊரில் அந்த நேரத்தில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் அடித்தளத்துக் கல் தெரியும். இங்கே ஓர் ஆறு கரைக்குக் கரை ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. பாலத்தில் போன அத்தனை பேரும் கைப்பேசியையோ முன்னால் போகும் வண்டியையோதான் பார்த்தார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அடுத்த கணமே, கரையோரம் கறுப்பாக ஒரு சாக்கடை அந்த ஆற்றுக்குள் இறங்குவதும், அதற்குச் சற்றுத் தள்ளி ஒருவர் தலையில் சோப்பு நுரையோடு முங்கி எழுவதும் கண்ணில் பட்டன. சிலிர்ப்பு வந்த வழியே போய்விட்டது.

"என்னக்கா, எதையும் ஆத்துல போட்டுட்டியளா?" என்று கேட்டார் ஓட்டுநர். இவ்வளவு நேரம் ஒருத்தி வெறும் ஆற்றைப் பார்ப்பாள் என்பது அவருக்கு நம்ப முடியாத சங்கதி.

கணக்குப் போட்ட இளைஞரின் பெயர் ஜெயசீலன். பாளையங்கோட்டையில் வீடு. மனைவி எஸ்தர் பள்ளிக்கூட ஆசிரியை. முதல் நாள் சாப்பாட்டுக்கு என்னை வீட்டுக்கே அழைத்திருந்தார்கள். "சொதி வச்சிருக்கேன்க்கா" என்று எஸ்தர் சொன்னதும் எனக்கு ஊருக்கே திரும்பி வந்துவிட்ட மாதிரி இருந்தது. எங்கள் சொதி இடியப்பத்தின்மேல் ஊற்றுகிற மஞ்சள் தண்ணீர். காய்ச்சல்காரருக்குக்கூடக் கொடுக்கலாம். இங்கே வந்ததோ கெட்டியான தேங்காய்ப்பால், அதற்குள் முருங்கைக்காய், கேரட், உருளைக்கிழங்கு, பாசிப்பருப்பு. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். கல்யாணம் முடிந்த மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற விருந்தாம். எங்கள் சொதி இதன் முன்னால் வெட்கப்பட்டு ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். இரண்டாம் முறையும் சோறு போடச் சொன்னேன்.

சாப்பிட்டு முடித்து வெற்றிலைத் தட்டை எடுத்து வைக்கும்போதுதான் எஸ்தர் விஷயத்தைச் சொன்னார்.

"அக்கா, நீங்க நாளைக்குப் பாக்கப் போற கால்வாய்க் கடைமடையிலதான் எங்கப்பா வயலு. இவிய கணக்குப்படி அந்தக் கால்வாய் வேண்டாம்னு வந்துருக்கு."

நான் ஜெயசீலனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். கணக்கு சொன்னது இதுதான்: வருகிற ஆண்டுகளில் ஆற்றில் நீர் குறைந்துகொண்டே போகும், அந்தக் கிளைக் கால்வாயின் கடைசி வயல்வரை தண்ணீர் எட்டாது, ஆகவே அதைச் சீரமைப்பது வீண். சீரமைக்காமல் விட்டால் இடிந்த கரையும் உடைந்த மடையும் அப்படியே கிடக்கும், இப்போது வருகிற தண்ணீரும் நின்றுபோகும். மாமனார் ஞானமுத்துவின் வயலுக்கு அதோடு கதை முடிந்தது.

"மாமனார் வயலுன்னு பாத்து நான் ஒரு எண்ணக்கூட மாத்தல மேடம்" என்றார் ஜெயசீலன். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமையை நான் கவனித்தேன். தப்புச் சொல்ல முடியாத பெருமை.

"அறிக்கை வந்ததுலேர்ந்து அப்பா இந்தப் பக்கம் வரல. போன் போட்டாலும் எடுக்க மாட்டேங்காவ" என்றார் எஸ்தர். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் கல்லிடைக்குறிச்சிக்குப் பேருந்தில் கிளம்பினோம். சேரன்மகாதேவி தாண்டியதும் வண்டி ஒரு வேப்ப மரத்தடியில் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிக் குனிந்து பார்த்தார். நடத்துநர் குனிந்து பார்த்தார். பிறகு ஆண் பயணிகள் எல்லோரும் முறை வைத்துக் குனிந்து பார்த்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். இந்த ஒரு விஷயத்தில் கடலுக்கு இந்தக் கரையும் அந்தக் கரையும் ஒன்றுதான். கடைசியில் நடத்துநர், "இது போவாது. எல்லாரும் எறங்குங்க" என்று தீர்ப்புச் சொன்னார்.

களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றி வந்த ஒரு சிறு லாரியை ஜெயசீலன் கை காட்டி மறித்தார். "பின்னால ஏறிக்காங்க. தார்மேல மட்டும் உக்காந்துராதீங்க" என்றார் அதை ஓட்டி வந்த அண்ணாச்சி. வாழைத்தார்களுக்கு நடுவே, அவற்றைவிட மரியாதை குறைவாக, ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்து போனேன். ஓட்டுநர் கண்ணாடி வழியாகச் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டே வந்தார்.

"எந்த ஊருக்கா?"

"யாழ்ப்பாணம்."

"இங்கன என்ன சோலி?"

"ஆற்றில் எவ்வளவு தண்ணி வரும் எண்டு கணக்குப் பார்க்க வந்தனான்."

"அதப் பாக்கவா கப்பல் ஏறி வந்திய?"

"கப்பல் இல்லை அண்ணாச்சி, விமானம்."

"அது இன்னும் மோசம்லா!" என்றார் அவர். இறங்கும்போது எனக்குப் பழுத்த பழமாக ஒரு சீப்பைப் பிய்த்துக் கொடுத்தார். இரக்கத்தினால்தான் என்று நினைக்கிறேன்.

கல்லிடைக்குறிச்சியில் தெருவுக்குத் தெரு உளுந்து மாவு வாசனை. மொட்டை மாடிகளில் அப்பளம் காய்ந்தது. மேற்கே மலை அவ்வளவு அருகில் நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. படங்களில் பச்சைக் கட்டமாக மட்டுமே பார்த்திருந்த காடு அங்கே முகில் மூடிக் கிடந்தது. அதிலிருந்து இறங்கி வந்த காற்றில் சாரல் தெறித்தது. இந்தக் காடு குடித்தது போக மீதிதான் ஆற்றுக்கு வருகிறது. காடு எவ்வளவு குடிக்கும் என்பதுதான் எங்கள் தொழிலில் பாதிக் கணக்கு.

கிளைக் கால்வாயின் கரைமேல் நடந்தோம். கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்து சில நாட்கள் ஆகியிருந்தன. பல இடங்களில் கரை சரிந்து, மடைகளில் பலகைக்குப் பதிலாக மணல் மூட்டைகள். ஆனாலும் தண்ணீர் எப்படியோ தட்டுத் தடுமாறிப் போய்க்கொண்டிருந்தது. எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் ஜெயசீலனைக் கண்டதும் கால் ஊன்றி நின்றார்.

"மேமடைக்காரன்வ கிட்ட எம்புட்டு வாங்குனீரு வே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மிதித்துக்கொண்டு போய்விட்டார். எனக்குக் காது சுட்டது. மேல்மடை வயல்காரர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு கடைமடையை வெட்டிவிட்டார் என்பது ஊர்ப் பேச்சு. அந்த ஊரில் எல்லோருமே அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தார்கள். பேசினால் இப்படித்தான் பேசினார்கள்.

ஓர் இடத்தோடு அவர் நின்றுவிட்டார். "அந்தப் பனைக்கு அங்கன மாமா வயலு. நான் வரல மேடம். என்னக் கண்டா அவிய எந்திரிச்சுப் போயிருவாவ."

நானும் போகவில்லை. அங்கிருந்தே கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். பனைகளுக்கு அப்பால், உழுதது போலச் செம்மண்ணாகத் தெரிந்த நிலத்தில், வெள்ளை வெள்ளையாக நிறையப் புள்ளிகள்.

"எத்தனை கொக்கு!" என்றேன்.

"கார் நடவு நேரம்லா. உழுத வயல்ல வரும்" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமலே.

அதற்கு அடுத்த நாள், பாளையங்கோட்டையில் அவருடைய அறையில், கணினியின் முன்னால் உட்கார்ந்தோம். செய்கிற வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலை, காடு, வயல், மண் எல்லாவற்றையும் எண்களாகக் கணினிக்குள் வைப்போம். அதன்மேல் மழையைப் பெய்யவிடுவோம். மண் எவ்வளவு குடித்தது, செடி எவ்வளவு குடித்து வெளியே விட்டது, மீதி ஆற்றுக்கு எவ்வளவு வந்தது என்று பார்ப்போம். கடந்த ஆண்டுகளில் ஆற்றில் உண்மையாக ஓடிய நீரோடு அது ஒத்துப்போகும்வரை எண்களைத் திருகுவோம். ஒத்துப்போய்விட்டால் எங்களுக்குத் தலைகால் புரியாது. அதே கணக்கை வருங்காலத்துக்கு ஓட்டிவிடுவோம்.

ஜெயசீலன் திருகியது அவ்வளவு அழகாக இருந்தது. பழைய ஆண்டுகளின் ஓட்டத்தோடு அவருடைய கோடு அச்சாகப் பொருந்தியது. நான் மாணவர்களிடம்கூட இவ்வளவு சுத்தமான வேலையைப் பார்த்ததில்லை. பாராட்டிவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் இருந்தேன். பழக்கதோஷத்தில் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். அங்கே காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்று கேட்கிற ஒரு கட்டம் உண்டு. நாங்கள் காபனீரொட்சைட்டு என்போம். யாரும் அந்தக் கட்டத்தைத் திறக்க மாட்டார்கள். மென்பொருளைச் செய்தவர்கள் அந்தக் காலத்தில் போட்டுவைத்த எண் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

உட்கார்ந்திருந்தது.

"தம்பி, மழையை மாத்தியிருக்கிறியள். சூட்டை மாத்தியிருக்கிறியள். காத்தை ஏன் மாத்தேல்லை?"

அவர் குனிந்து பார்த்தார். முகத்தில் இருந்த இரத்தம் இறங்குவதை நான் கண்ணால் கண்டேன்.

இலையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத வாய்கள் உண்டு. காற்றைப் பிடிக்க இலை அவற்றைத் திறக்கும். திறக்கும்போது உள்ளிருக்கும் நீரும் ஆவியாகப் போய்விடும். காற்றில் கரியமில வாயு கூடுதலாக இருந்தால், பாதி திறந்தாலே இலைக்குப் போதும். நீர் அவ்வளவு போகாது. போகாத நீர் மண்ணில் நிற்கும், கசிந்து ஆற்றுக்கு வரும். ஜெயசீலனின் கணக்கிலோ, வருங்காலத்தின் சூடு முழுவதும் இருந்தது. காற்று மட்டும் அவர் பிறப்பதற்கு முந்திய காற்று. அந்தச் சூட்டில் அவருடைய காடு வாயை அகலத் திறந்து நீரைக் குடித்துக் குடித்து வெளியே விட்டுக்கொண்டிருந்தது. ஆறு வற்றாமல் என்ன செய்யும்?

பழைய ஆண்டுகளோடு பொருந்தியதும் இதனால்தான். பழைய ஆண்டுகளுக்குப் பழைய காற்று ஏறக்குறையச் சரிதானே. நன்றாகப் பொருந்தியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

எனக்கு வந்த அதிர்ச்சி இன்னொரு விதமானது. எத்தனையோ வருடங்களாகக் கரியமில வாயுவைத் திட்டியே சம்பளம் வாங்குகிறவள் நான். வகுப்பில் அதுதான் என் வில்லன். அந்த வில்லன் சத்தமில்லாமல் வந்து ஆற்றில் ஒரு குடம் நீரை ஊற்றிவிட்டுப் போகிறான் என்பது எனக்குப் புத்தகத்தில் தெரியும். ஆனால் ஒரு மனிதருடைய வயல் அந்த ஒரு குடத்தில் தொங்குவதை இப்போதுதான் பார்க்கிறேன். எனக்குக் கோபம்கூட வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

"மாத்துங்கோ. திரும்ப ஓட்டுவம்" என்றேன்.

ஜெயசீலன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "வேண்டாம் மேடம்."

"என்ன?"

"இப்ப மாத்துனா, மாமனாருக்காவ மாத்திட்டாம்பாவோ. ஊர் முழுக்க என்ன ஏசுனப்பகூட ஒரு எண்ணயும் நான் தொடல. அந்த ஒண்ணுதான் எனக்கு மிச்சம். அதயும் விட்டுட்டா நான் என்னத்தச் சொல்லிட்டு நடமாட?"

பிழையை ஒளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நேர்மைக்காகப் பிழையைக் காப்பாற்றுகிற ஒருவரை அன்றுதான் பார்த்தேன். "பிழை எண்டு தெரிஞ்ச பிறகும் வைச்சிருக்கிறது எந்த ஊர் நேர்மை?" என்று நான் கத்தியது அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

எஸ்தர் காப்பித் தம்ளர்களோடு கதவருகே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. உள்ளே வந்து தம்ளர்களை மேசையில் வைத்தார்.

"எங்கப்பாவ மனசுல வச்சு மாத்துனா தப்புன்னா, எங்கப்பாவ மனசுல வச்சு மாத்தாம இருக்கதும் தப்புதான?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "வேற யாரு வயலா இருந்தாலும் இந்நேரம் மாத்திருப்பிய."

ஜெயசீலன் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு காப்பியை எடுத்து, சூட்டைக்கூடப் பார்க்காமல், ஒரே மூச்சில் குடித்தார். அந்தக் கட்டத்தில் இருந்த எண்ணை அழித்தார்.

அதோடு விட்டுவிட நான் சம்மதிக்கவில்லை. கரியமில வாயு கூடினால் இலை குறைவாகக் குடிக்கும் என்பது பாதிக் கதைதான். அதே காற்றைத் தின்று செடி பெரிதாகவும் வளரும், இலைகளும் கூடும். இலை கூடினால் குடிப்பதும் கூடும். மலைக்காட்டுப் பெருமரங்கள் எல்லாம் ஒரே மாதிரி வாயைச் சுருக்குவதும் இல்லை. இதையெல்லாம் சேர்க்காவிட்டால், முன்பு ஆற்றை வற்ற வைத்த கணக்கு இப்போது பொங்க வைக்கும். ஒரு பொய்யை எடுத்துவிட்டு இன்னொரு பொய்யை வைப்பதற்கா கடல் தாண்டி வந்தேன்? பல விதமாக ஓட்டினோம். எஸ்தர் கொண்டுவந்து வைத்த தோசை ஆறிப்போய்த் தட்டாகிவிட்டது.

கடைசியில் வந்தது இதுதான். ஆறு வற்றும் என்று சொல்ல முடியாது. கூடும் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது, கால்வாயைக் கைவிடு என்று சொல்ல இந்தக் கணக்கில் ஆதாரம் இல்லை. ஜெயசீலன் நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

குழு அடுத்த நாள் கூடியது. நான் பேசி முடித்ததும் நடுநாற்காலியில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப, பொக கூடுனா ஆத்துல தண்ணி கூடும்னு சொல்லுதியளா? நல்லதுதானம்மா?"

இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். "நல்லது இல்லை ஐயா" என்றேன். "இலை குடிக்காத நீர் மண்ணிலே நிக்கும். மண் ஏற்கெனவே ஈரமா இருக்கேக்கை அதுக்கு மேலே பெருமழை கொட்டினால், அந்த மழை எங்கே போகும்? நீங்கள் வெள்ளம் பாத்த சனம். உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை."

வீட்டுக்குள் ஆறு புகுந்ததைப் பார்த்தவர்கள் அந்த மேசையைச் சுற்றிப் பலர் இருந்தார்கள். கண்ணாடியைக் கழற்றியவர் அதைத் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

அப்போது ஜெயசீலன் எழுந்து நின்றார். "தப்பு நான் பண்ணுன தப்பு. கடைமடையில எங்க மாமனார் வயலு இருக்கு. ரெண்டையும் சேத்து எழுதிக்கிடுங்க" என்றார். பின்வரிசையில் யாரோ, "அப்படிப் போடு" என்று சிரித்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்புக்குத்தான் அவர் அவ்வளவு பயந்தார் என்பது எனக்குத் தெரியும். கிளைக் கால்வாயைச் சீரமைப்புப் பட்டியலில் திரும்பச் சேர்க்கிறோம் என்று குழு சொன்னது.

எஸ்தர் பள்ளிக்கூடத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தார். வாடகைக் கார் ஒன்றைப் பிடித்து மூவரும் அவருடைய அப்பா வீட்டுக்குக் கிளம்பினோம். போகிற வழியில் அல்வா வாங்கினோம். வாழையிலைத் துண்டில் சுடச்சுட ஒரு வாய் தந்தார்கள். நெய் கையிலிருந்து முழங்கை வரை வழிந்தது. எங்கள் ஊரில் இப்படிக் கிண்டுகிற தொதல் கறுப்பாக, பல்லோடு மல்லுக்கட்டும். இது வாயில் வைத்ததும் காணாமல் போகிறது. இவ்வளவு சந்தோஷமான ஒரு கார்ப் பயணத்தை நான் சமீபத்தில் செய்ததில்லை. எஸ்தர் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். அப்பா கதவைத் திறக்காவிட்டால் கொல்லை வழியாகப் போய்விடுவது என்பதுவரை திட்டம் வைத்திருந்தார்.

கதவு திறந்தே இருந்தது. ஞானமுத்து பனியனோடு வாசலில் உட்கார்ந்து ஒரு மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார். மெலிந்த, நெடிய மனிதர். எங்களைக் கண்டதும் எழுந்து போகவில்லை. "வாங்க மாப்ளே" என்றார். எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். மகளை மட்டும் அவர் பார்க்கவில்லை.

"மாமா, எங்கணக்குல தப்பு இருந்துச்சு" என்றார் ஜெயசீலன். மூச்சு வாங்கியது. "கால்வாய சரி பண்ணப் போறாவ. தண்ணி வராதுன்னு சொல்லுததுக்கு இல்ல. என்மேல கோவத்த விட்டுருங்க."

"கோவமா?" அவர் உண்மையிலேயே திகைத்துவிட்டார். "ஒங்கமேல எனக்கென்ன கோவம்? இந்த ஊர்ல அத்தன பேரும் ஒங்கள ஏசுனானுவ. நான் ஒருத்தன்தான், எம் மருமவன் வாயில பொய் வராதுலேன்னு எல்லார்ட்டயும் சண்ட போட்டேன்."

"பொறவு ஏன்ப்பா போன எடுக்கல?" என்றார் எஸ்தர்.

ஞானமுத்து மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார். கால்வாய்ப் பக்கம் நடந்தார். நாங்கள் அவர் பின்னால் போனோம். கால்வாய்க் கரை, பனை வரிசை, அதைத் தாண்டி அந்தச் செம்மண் நிலம். நான் தூரத்தில் இருந்து பார்த்த கொக்குகள் அங்கேயே, அதே இடத்தில், வரிசை பிசகாமல் நின்றன. கிட்டப் போனேன். கொக்குகள் இல்லை. வெள்ளையடித்த மனைக் கற்கள்.

அல்வாப் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"தண்ணி வராதுன்னு நீங்க சொன்னிய. நம்பாம எப்படி இருக்க?" என்றார் ஞானமுத்து, மருமகனைப் பார்த்து. குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. அதனால்தான் தாங்க முடியவில்லை. "ஊரெல்லாம் நம்பாதப்ப நான் நம்புனேன்னு வாயால சொன்னா போதுமா? வித்துட்டேன். மனை போடுதவனுக்குப் பத்திரமும் எழுதிக் குடுத்தாச்சு." பிறகு முதல் முறையாக மகளைப் பார்த்தார். "எந்த மொகத்தோட ஒன் போன எடுக்க?"

எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு பனையில் சாய்ந்தார். ஜெயசீலன் ஒரு கல்லின் பக்கத்தில் குந்தி, அதன்மேல் கையை வைத்தபடி இருந்தார். ஆறுதல் சொல்ல என் தொழிலில் ஒரு கட்டமும் இல்லை. எங்களுக்குப் பின்னால் கால்வாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மூடிய மடையில் முட்டித் திரும்புகிற சத்தம் கேட்டது.

"எங்கன இருந்துச்சு மாப்ளே அந்தத் தப்பு?" என்று கேட்டார் ஞானமுத்து.

"காத்துல மாமா."

"காத்துலயா?"

அவர் மேற்கே திரும்பி மலையைப் பார்த்தார். ஆனிச் சாரலோடு காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. அவர் வேட்டி படபடத்தது. எஸ்தரின் சேலைத் தலைப்பு பறந்தது. அந்த வயலில் அசைவதற்கு ஓர் இலைகூட இல்லை.